அதே 317!

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் வேலூர். அங்கே சத்துவாச்சாரிக்காரர், சதீஷ் சிவலிங்கம். அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவரும் பளு தூக்கியவர்தான்.

2014, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி. 77 கிலோ பிரிவு. சதீஷ் ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. கூட்டிப் பாருங்கள், 328. தங்கம்! வெள்ளியும் நம்மாளுக்கே. ரவிகுமார் கட்டுலு, 317 கிலோ. இந்த 317-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2018, கோல்டு கோஸ்ட். சதீஷுக்குத் தொடையில் காயம். பளுவைத் தோளில் ஏந்திக் குந்தியிருப்பவரை எழுப்பி நிறுத்துவதே தொடைதானே? அது மக்கர் பண்ணினால் என்ன மிச்சம்? ஸ்னாட்ச்சில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, சதீஷ் 144. ஒரு கிலோ பின்தங்கல். அடுத்ததில் ஆலிவர் 167-ஐத் தாண்டவில்லை. சதீஷ் 173.

மொத்தம் 317! கிளாஸ்கோவில் வெள்ளிக்குப் போன அதே கணக்கு. இங்கே அதற்குத் தங்கம்.