கூரியேர் சுரங்கம், 1906: துக்கமும் வேலைநிறுத்தமும்

வடபிரான்சின் பா-து-கலே பகுதியில், கூரியேர் நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களில் 1906 மார்ச் 10 அன்று காலை நேர்ந்த கரித்தூள் வெடிப்பு, அதாவது காற்றில் கலந்த நுண்ணிய நிலக்கரித் தூள் தீப்பற்றிப் பாதைகள் நெடுகப் பரவிய வெடிப்பு, 1,099 பேரைப் பலிகொண்டது. இறந்தவரின் குடும்பத்துக்கு முதலாளி செய்யவேண்டியதை அந்நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே வகுத்திருந்தது. 1898 ஏப்ரல் 9ஆம் நாள் சட்டப்படி, முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலேயே விதவைக்குக் கணவரின் ஆண்டு ஊதியத்தில் 20 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைத்தது. ஆனால் இறந்தவரோடு தோளுரச நின்று கரி வெட்டிய கூட்டாளிக்கு அச்சட்டத்தில் இடமில்லை. மறுபடியும் குழிக்குள் இறங்குவது ஒன்றே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது.

அந்தக் கூட்டாளிகளுடைய துக்கத்தில் சினமும் கலந்திருந்ததற்குக் காரணம் உண்டு. வெடிப்புக்குச் சில நாள் முன்பே செசில் என்னும் கரிப்படுகைப் பகுதியில் தீப்பற்றியிருந்தது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த பாதுகாப்புப் பிரதிநிதியான பியேர் சிமோன், அது அணையும்வரை எவரும் இறங்கக்கூடாது என்று வற்புறுத்தியிருந்தார். நிறுவனமோ தீப்பிடித்த இடத்தைச் சுவரெழுப்பி அடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. வெடிப்புக்குப் பின், ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவிலிருந்து சுரங்க மீட்புக் குழுவினர் மூச்சுக் கருவிகளுடன் வந்து உதவியபோதும், மூன்று நாள் கழிந்ததும் உயிருள்ளோரைத் தேடுவது கைவிடப்பட்டு, தீயை அணைப்பதே முதன்மையாயிற்று. ஆளைவிடக் கரியே பெரிது என்ற குற்றச்சாட்டு ஊரெங்கும் எழுந்தது. மெரிகூரில் மார்ச் 13 அன்று பனிக்கிடையே நடந்த கூட்டு அடக்கத்தின்போதே நிறுவனத்தாருக்கு எதிரான கூச்சல் கிளம்பியது. உடனடியாக மூண்ட வேலைநிறுத்தம் விரைவில் பிற சுரங்கங்களுக்கும் பரவியது.

ஊதிய உயர்வுக் கோரிக்கை முன்னின்றதால் இதைச் சாவைக் காரணம் காட்டிய கூலிப் போராட்டம் எனக் கொள்வோர் உண்டு. அது குறுகிய பார்வை. துக்கம் காக்க விடுப்பு என்று ஒன்று இல்லாதவர்கள் வேலையை நிறுத்தித்தான் துக்கம் காக்க முடியும். நிறுத்தியபின் கூலியைப் பேசாமல் இருப்பார்களா என்ன? அதோடு, மார்ச் 30 அன்று, வெடிப்பு நேர்ந்து இருபதாம் நாள், பதின்மூன்று பேர் குதிரைத் தீவன ஓட்சையும் செத்த குதிரையின் இறைச்சியையும் தின்று பிழைத்து, தாமே வழி தேடி வெளிப்பட்டார்கள். ஏப்ரல் 4 அன்று இன்னொருவரும் மீண்டார். கீழே உயிரோடு எவரும் இல்லை என்று தேடலைக் கைவிட்ட முடிவுக்கு அதன்பின் எந்த நியாயமும் எஞ்சவில்லை.

மார்ச் நடுவில் உள்துறை அமைச்சரான கிளெமான்சோ, லான்ஸ் நகருக்கு நேரில் வந்து வேலைநிறுத்தக்காரர்களோடு பேசினார். பிறகு அவரே ஆயிரக்கணக்கில் படைவீரர்களை அனுப்பினார். மே மாதத்துக்குள் போராட்டம் ஓய்ந்தது. அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. வார ஓய்வுச் சட்டம் அதே ஆண்டு ஜூலை 13 அன்று நிறைவேறியது. 1907இல் சுரங்க முதலாளிகள் கரித்தூள் வெடிப்பை ஆராய லியேவானில் ஒரு நிலையத்தை அமைத்தார்கள். துக்க விடுப்பும் பிற்காலத்தில் பிரெஞ்சுத் தொழிற்சட்டத்தில் இடம்பெற்றது. பிள்ளை, துணைவர், பெற்றோர், உடன்பிறந்தார் எனச் செல்லும் அதன் பட்டியலில் உடன் பணிபுரிந்தவர் இன்றும் இல்லை.