மோர் விலை, நெய் விலை

காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழி சொல்லிக்கொண்டே வரும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் ஆயர் குடியிருப்பு ஒன்றின் முன் சற்று நிற்கிறார். அங்கே ஓர் ஆய்மகள். பறவைகள் எழும் வேளையில் தயிர் கடைந்து, வெண்ணெய் எடுத்து, மோர்ப்பானையைச் சும்மாட்டில் ஏற்றி விற்கப் போகிறாள். மோருக்குக் கிடைத்ததைக் கொண்டு சுற்றத்துக்கெல்லாம் சோறு போடுகிறாள். நெய்க்கு மட்டும் வேறு கணக்கு. அதற்கு விலையாகப் பொன்னை வாங்காமல், எருமையையும் பசுவையும் கரிய நாகையும் பெற்றுக்கொள்கிறாள்.

இந்தப் பகுதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு குரல் வரும்: “பாவம், பொன்னோட மதிப்பு தெரியாத வெள்ளந்தி.” உரைநூல் சிலவும் இதையே ‘முல்லை நில மக்களின் எளிய வாழ்வு’ என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவள் கையில் ஒரே பானைப் பாலிலிருந்து வந்த இரண்டு பண்டங்கள் இருக்கின்றன. ஒன்று அன்றைக்கே விற்றாக வேண்டியது, இன்னொன்று காத்திருக்கக்கூடியது. புளிக்கிற பண்டத்துக்கு அன்றாட உணவு விலை. கெடாத பண்டத்துக்குக் கன்று போடும் விலை. பொன் குட்டி போடாது. எதை விற்பது, எப்போது விற்பது, விலையை எந்த வடிவில் வாங்குவது என்ற மூன்று முடிவுகளும் அந்தச் சில அடிகளுக்குள் இருக்கின்றன. பொன்னை மறுக்கும் வினைமுற்றில் ‘ஆள்’ விகுதி இருக்கிறது. மறுத்தவள் அவள்தான், அவள் கணவனல்ல. இலக்கணம் படித்ததன் பலன் சில நேரம் இப்படிக் கிடைக்கும்.

அது தொண்டை நாடு. நம் பாண்டிய நாட்டுக்கும் ஒரு சாட்சி உண்டு. சோழன் நலங்கிள்ளியைப் பாடும் கோவூர்கிழார் (புறநானூறு 33), அவன் வென்ற பாண்டிய நாட்டின் வளத்தைச் சொல்ல ஒரு பண்டமாற்றைக் காட்டுகிறார். வேட்டுவன் மான் தசையைக் கொண்டுவருகிறான், ஆய்மகள் தயிர் கொண்டுவருகிறாள். உழவர் வீட்டுப் பெண்கள் குளத்துக்குக் கீழ் விளைந்த நெல்லை முகந்து, வந்த வட்டியும் தயிர்ப்பானையும் நிறையக் கொடுக்கிறார்கள். கொண்டுவந்த பாத்திரமே அளவு. களத்து நெல்லை அள்ளிக் கொடுக்கும் உரிமை அங்கே வீட்டுப் பெண்களிடம் இருக்கிறது என்பதைத்தான் நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது நெய்யின் போக்கு மாறிவிடுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகிக்கு இடம் கொடுத்த மாதரி, ஆய்ச்சியர் குரவை தொடங்கும் காலையில் மகள் ஐயையை அழைக்கிறாள். அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை அன்று அவர்களுடையது. பார்த்தால் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. நாம் அதைத் தீநிமித்தமாகவே படித்துப் பழகிவிட்டோம். முறை தவறினால் அந்த வீட்டின் கதி என்ன என்று கேட்டதில்லை. ‘முறை’ வந்த இடத்தில் விலையைப் பற்றிய பேச்சு இல்லை.

பிறகு கோயில். திருச்சுழிக்கு அருகே பள்ளிமடத்தில் முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருச்சுழியல் அவற்றில் பருத்திக்குடி நாட்டைச் சேர்ந்த ஊர். இந்தக் கரிசலுக்குப் பருத்தியின் பெயர் அன்றைக்கே ஒட்டியிருந்திருக்கிறது! அங்கும் கொடை பெரும்பாலும் நந்தா விளக்குக்கு ஆடு விடுவதுதான். சோழ நாட்டுக் கல்வெட்டுகளில் பரவலாகக் காணும் கணக்கு விளக்கொன்றுக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய். அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், மூக்கும். கணக்கில் எண்ணிக்கை மட்டும் குறையாது. பஞ்சத்தில் மந்தை செத்தாலும் உழக்கு உழக்குதான். கல்லில் கொடையாளியின் பெயர் இருக்கும், அது அரசியாகவும் இருக்கலாம். ஆட்டை ஏற்றவன் பெயரும் பல இடங்களில் இருக்கும். நாள்தோறும் கடைந்தவள் பெயரை நான் இதுவரை கண்டதில்லை.

என் அப்பத்தா திருச்சுழிப் பக்கம் இரண்டு எருமை வைத்திருந்தார். தாத்தாவின் பருத்தியும் மல்லியும் விருதுநகர் கமிஷன் மண்டிக்குப் போகும். அங்கே சொன்னதுதான் விலை. தரகு, சாக்கு, ஏற்றுக்கூலி, மகமை என்று கழித்துக்கொண்டு ஒரு சிட்டை வரும். அப்பத்தா பாலை விற்கமாட்டார். மோர் கேட்டு வந்தவர்களுக்குச் சும்மா கொடுப்பார், அறுப்பு நாளில் அவர்கள் ஆளுக்கொரு கை பாசிப்பயறோ குதிரைவாலியோ கொண்டுவருவார்கள். நெய்யை ஆழாக்குக் கணக்கில் அருப்புக்கோட்டையில் வாடிக்கை வீடுகளுக்கு விற்று, அந்தக் காசில் வெள்ளாட்டுக் குட்டி வாங்கி வாரத்துக்கு விடுவார். வளர்ப்பவளுக்குப் பாதிக் குட்டி, இவருக்குப் பாதி. ஆனால் எருமை வாங்க வேண்டுமென்றால் தாத்தாதான் போக வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள், அந்தத் துண்டுக்குள் பெண் கை போகாது. ஆய்மகள் இதை எப்படிக் கடந்தாள் என்று உருத்திரங்கண்ணனார் சொல்லவில்லை.

இப்போது பால் சொசைட்டிக்குப் போகிறது. கொழுப்பும் பிற சத்தும் அளந்து விலை. 2023 டிசம்பர் 18 முதல் அரசு தந்த 3 ரூபாய் ஊக்கத்தொகையைச் சேர்த்துப் பசும்பால் லிட்டர் 38, எருமைப்பால் 47 என்று ஆனது. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். பானையைச் சுமந்து வெயிலில் நடந்த கால்களுக்கு அது பெரிய விடுதலை, வங்கிக் கணக்கு பெண் பெயரில் இருந்தால் இன்னும் பெரிது. ஆனால் மோர், நெய் என்ற இரண்டு விலையும் ஒரே விலையாகிவிட்டது. நூற்றுக்கு ஏழு கொழுப்புள்ள எருமைப்பாலில் ஒரு கிலோ நெய்க்கு ஏறத்தாழ 15 லிட்டர் வேண்டும். சொசைட்டியில் ஊற்றினால் அதற்கு 705 ரூபாய். வீட்டு நெய் இதைவிட எவ்வளவு கூடுதலாக விற்றால் கடைவது கட்டும்? விறகு, கைவலி, மிஞ்சும் மோர் மூன்றையும் சேர்த்தல்லவா கணக்குப் போட வேண்டும். மோரை வருமானத்தில் எழுதுவதா, உறவில் எழுதுவதா என்பதில் அப்பத்தாவுக்கு ஒரு முடிவு இருந்தது.

என் மாணவி ஒருத்தியின் வீட்டில் காலைப் பால் சொசைட்டிக்கு, சாயங்காலப் பால் வீட்டுக்கு. அதில் வரும் தயிர், மோர், நெய் எல்லாம் ‘அம்மா கணக்கு’. அப்பா அதைக் கேட்பதில்லையாம். பெரும்பாணாற்றுப்படை நடத்திய அன்று அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கதையைச் சொல்லியிருக்கிறாள். பொன்னை மறுத்தது அந்த அம்மாவுக்கு ஆச்சரியமாகவே இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று: “கடைசியா வாங்குனது கெடேரியா, காளங்கண்ணா?”

நாகு என்றால் இளம் பெண்கன்று, கிடேரிதான் என்று சொல்லி அனுப்பினேன்.

“அப்பச் சரி”ன்னு அம்மா சொன்னாங்க மேடம், என்றாள் மறுநாள்.