அறுபது ஆட்டம் தோற்ற ஆசான்



கூடை என்றதும் பிரிஞ்சாங் வட்டாரத்தில் நமக்கு நினைவுக்கு வருவது கொழுந்துக் கூடைதான். நம் பாட்டிமார்கள் இந்த மலைச்சரிவில் முதுகில் சுமந்த கூடை அது. இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனாலும் கூடை என்றால் உழைப்பு என்றே நம் மனத்தில் பதிந்திருக்கிறது. அந்தக் கூடையை விளையாட்டாக்கிய ஒரு கல்லூரி ஆசிரியரின் கதையை இந்தப் பரிசளிப்பு நாளில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஏன் இன்று? மேடையேறிக் கோப்பை வாங்கும் பிள்ளைகள் சிலர். கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைகள் பலர். நம் கதாநாயகரோ வென்றதைவிடத் தோற்றதே அதிகம். ஆகவே இது அந்தப் பலருக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உரிய கதை.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1861-இல் கனடா நாட்டில் ஆல்மான்ட் என்ற ஊருக்கு அருகில் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயையும் தந்தையையும் விஷக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். மாமன் வீட்டில் வளர்ந்தார். நடுவில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் காட்டில் மரம் வெட்டும் வேலைக்குப் போனார். பிறகு மனம் மாறி, வயது கடந்தும் வெட்கப்படாமல் பள்ளிக்குத் திரும்பினார். படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஒரு செய்தியை மட்டுமாவது அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

1891-இல் அவர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார். வெளியே பனிக்காலம். உள்ளே 18 பேர் கொண்ட அடங்காத வகுப்பு ஒன்று. "ரெண்டு வாரத்துக்குள்ள உள்ளேயே ஆடக்கூடிய ஆட்டம் ஒண்ணு கண்டுபிடிங்க" என்பது போல மேலதிகாரி லூதர் கூலிக் பணித்துவிட்டார்.

நெய்ஸ்மித் யோசித்தார். சிறு வயதில் ஊரில் ஆடிய கல்லெறி ஆட்டம் நினைவுக்கு வந்தது. பெரிய பாறையின் மேல் ஒரு கல்லை வைத்து, தூரத்தில் நின்று வேறு கல்லால் அதைத் தட்டிவிட வேண்டும். வேகமாக வீசுகிறவன் தவறவிடுவான். வளைத்துப் போடுகிறவன்தான் ஜெயிப்பான். அதுதான் சூட்சுமம்! பள்ளிப் பணியாளரிடம் பெட்டி கேட்டார். அவர் கொண்டுவந்ததோ இரண்டு பீச் பழக்கூடைகள். பத்தடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். 13 விதிகள் எழுதினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து விழுந்தால் ஏணி வைத்து எடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு பந்து. கூடைப்பந்து பிறந்துவிட்டது.

கணக்கில் தோற்றவர்

1898-இல் மருத்துவப் பட்டமும் பெற்று, கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். அங்கே கூடைப்பந்து அணிக்கு முதல் பயிற்றுநரும் அவரே. 1907 வரை அவர் அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்றுநர், அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான்! வேடிக்கையாக இல்லையா?

ஆனால் அவரிடம் ஆடிய மாணவர் ஒருவரைப் பாருங்கள். ஃபாக் ஆலன் என்று பெயர். "எனக்குப் பயிற்றுநர் வேலை கிடைச்சிருக்கு சார்" என்று அவர் வந்தபோது, "இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க முடியாதுப்பா, ஆடத்தான் முடியும்" என்ற பொருளில் நெய்ஸ்மித் சிரித்தாராம். ஆலன் விடவில்லை. அதே கன்சாசில் 590 ஆட்டங்களை வென்று கொடுத்தார். ஆலனிடம் பயின்ற அடால்ஃப் ரப், டீன் ஸ்மித் ஆகிய இருவரும் பின்னாளில் பயிற்றுநர்களாகி, ஆளுக்கு 870-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்றார்கள். ஆசான் தோற்றார், சீடர்களும் சீடர்களின் சீடர்களும் வென்றார்கள். விதைத்தவன் கணக்கை விளைச்சல் நாளில்தானே பார்க்க வேண்டும்?

கட்டைவிரல் கேட்காத துரோணர்

ஏகலைவன் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பிறப்பைக் காட்டி வித்தை மறுக்கப்பட்டவன். தானே கற்றுக்கொண்டபோது கட்டைவிரலையும் இழந்தவன். 1933-இல் கன்சாசுக்கு ஓர் ஏகலைவன் வந்தான். ஜான் மெக்லெண்டன், கறுப்பின மாணவன். தோலின் நிறம் காரணமாகப் பல்கலைக்கழக அணியில் ஆட அவனுக்கு அனுமதியில்லை.

எழுபது வயதைத் தாண்டிய நெய்ஸ்மித் அவனுக்கு ஆசானாகவும் வழிகாட்டியாகவும் நின்றார். அணியில் இடம் வாங்கித் தர அவரால் ஆகவில்லை. ஆனால் தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். 1936-இல் மெக்லெண்டன் உடற்கல்விப் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் வட கரோலினாவில் கறுப்பினத்தாருக்கான கல்லூரி ஒன்றில் பயிற்றுநரானார். அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடக்கூடாத காலம் அது. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் தேவாலயத்தில் இருந்த வேளையில், பூட்டிய கதவுக்குள் அவருடைய அணியும், டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களின் வெள்ளையர் அணியும் மோதின. 88-க்கு 44 என்று மெக்லெண்டன் அணி வென்றது. அதைவிடப் பெரிய சேதி ஒன்று உண்டு: அந்த ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் கலந்து, நிறம் பாராமல் இன்னோர் ஆட்டம் ஆடினார்கள்! 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மெக்லெண்டனின் டென்னசி கல்லூரி அணி தேசியப் பட்டம் வென்றது. ஆட இடம் கிடைக்காத மாணவர் நூற்றுக்கணக்கானோரை ஆட வைத்தார்.

சென்னைக்கு வந்த விதை

"அதெல்லாம் வெள்ளைக்கார ஊர் கதை சார், நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

நெய்ஸ்மித் கற்பித்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில், அவர் விலகிய பிறகு படித்தவர் ஹாரி குரோ பக். அவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். 1920-இல் அங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அத்தகைய முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள். அதுவரை பள்ளிகளில் இருந்தது பட்டாளத்து டிரில்: "இடது, வலது" என்று காலை உதைத்து நடப்பது. பிள்ளைகளுக்கு வேண்டியது ஆட்டமும் மகிழ்ச்சியும், அதற்கு வேண்டியது முறையாகக் கற்ற ஆசிரியர் என்று பக் நம்பினார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவுடன் மேலாளராகப் போனார். தாய்நாடு திரும்பி வாழாமல், 1943-இல் சென்னையிலேயே கண்மூடினார்.

அவர் சென்னையில் உழைத்த அதே ஆண்டுகளில்தான் நம் முன்னோர்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி மலாயா வந்துகொண்டிருந்தார்கள். 1929-இல் இந்த மேட்டு நிலத்தில் 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கியது. ஒரே ஊரிலிருந்து சிலர் விளையாட்டு கற்றுப் பள்ளிகளுக்குப் போனார்கள். சிலர் கூலிக்குப் பெயர் கொடுத்துக் காடு அழிக்க வந்தார்கள். நம் தாத்தாக்களுக்குப் பெரட்டுச் சத்தம்தான் தெரியும். விளையாட்டு ஆசிரியரின் விசில் சத்தம் அவர்களுக்குக் கிட்டவில்லை. அது இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை வீணாக்கலாமா?

நம் திடல்

தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டுப்படுவது உடற்கல்வி நேரம்தான். "வெளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்கிறோம். கேள்வி நியாயமானதே, வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்கள் கேட்கிற கேள்வி. ஆனால் நெய்ஸ்மித்துக்கும் அந்த ஆட்டம் செல்வம் சேர்த்துத் தரவில்லை. 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, மற்றப் பயிற்றுநர்கள் காசு திரட்டித்தான் அவரை அங்கு அனுப்பி வைத்தார்கள். நம் தோட்டத்தில் தலைக்கு ஒரு வெள்ளி என்று தண்டுவோமே, அதுபோல. 21 நாட்டு அணிகள் தம் ஆட்டத்தை ஆடுவதை அந்த முதியவர் கண்ணால் கண்டார். இறுதி ஆட்டம் கொட்டுகிற மழையில், சேறான திடலில் நடந்தது. நம்ம ஊர் மாதிரியேதான்! மூன்று ஆண்டுகள் கழித்து, 1939-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சொத்து மனிதர்கள்.

பெற்றோர்களே! சாயங்காலம் பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டால், தேடி எடுக்கவே அரை மணி ஆகும் ஊர் நம் ஊர். அந்தத் தேடலில் ஒரு நாள் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். பரிசு வாங்காத பிள்ளையைப் பார்த்து "நீ என்னத்தக் கிழிச்சே?" என்று கேட்காதீர்கள், "இன்னிக்கு யாருக்குப் பந்து போட்டே?" என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! தோற்றால் அழலாம், குற்றமில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை அடுத்தவனுக்கு ஒளிக்காமல் சொல்லிக் கொடுங்கள். திடலோரத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே இழுங்கள். கோப்பையில் பெயர் இல்லாவிட்டாலும், அந்தப் பிள்ளையின் நெஞ்சில் உங்கள் பெயர் இருக்கும்.

வாழ்க நம் ஆசிரியர்கள்! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!