காய்ச்சலிலிருந்து சீனி வருத்தத்துக்கு: கல்முனைக் கரையோரமும் நோயின் சமூக வரலாறும்

ஒரு சமுதாயத்தில் எந்நோய் மிகுந்து காணப்படுகின்றது என்பது மருத்துவ வினா மட்டுமன்று; வரலாற்று வினாவுமாகும். 1848 இல் மேல் சிலேசியாவில் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜேர்மன் மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ, அதற்கு மருந்தாகக் கல்வியையும் மக்களாட்சியையும் வேண்டினார். 1971 இல் அப்தெல் ஓம்ரான் என்னும் அறிஞர் நோய்மாற்றக் கோட்பாட்டை முன்வைத்தார். கொள்ளைநோயும் பஞ்சமும் மலிந்த காலம், கொள்ளைநோய் பின்வாங்கும் காலம், உடற்சிதைவு நோய்கள் ஓங்கும் காலம் என மூன்று கட்டங்களை அவர் வகுத்தார். இவ்வகுப்புப் பயனுடையதே. ஆயினும் சமுதாயம் தானாகவே படியேறுவது போன்ற மயக்கத்தை இது எளிதில் தந்துவிடுகின்றது. படியேற்றியவர் யார், கீழே விடப்பட்டவர் யார் என்னும் வினாக்களைக் கல்முனைக் கரையோரத்தை முன்னிறுத்தி எழுப்புவதே எமது நோக்கமாகும்.

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் இம் முஸ்லிம் ஊர்களின் வாழ்வு வயல், தறி, வலை ஆகிய மூன்றையும் சார்ந்திருந்தது. காய்ச்சலும் பேதியும் பருவகாலங்களைப் போல வந்து போயின. பரிசாரியின் குடிநீர், ஓதிய தண்ணீர், கடற்கரைப் பள்ளிக்கான நேர்ச்சை என்பனவே மக்களுக்குத் துணையாயின. இவற்றை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. பெருந்தோட்டங்களையும் நகரங்களையும் முதன்மையாகக் கருதிய குடியேற்ற ஆட்சியில், எளியோரை எட்டிய கை வேறெதுவாக இருந்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

1934-35 இல் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. கேகாலை, குருநாகல் பகுதிகளே மிகுதியும் தாக்குண்டன. வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகி நுளம்பைப் பெருக்கின. பசியால் நலிந்த உடல்கள் முதலில் வீழ்ந்தன. 1935 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்தினர் நோயின் பின்னிருந்த வறுமையை அரசியல் வினாவாக்கினர். 1931 இல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த மக்களை ஆள்வோர் இனிப் புறக்கணித்தல் இயலாதாயிற்று. கிராமிய வைத்தியசாலை, மருத்துவமாது, பங்கீட்டு அரிசி, 1945 இன் இலவசக் கல்வி ஆகியவற்றை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டில் 14 ஆகக் குறைந்தது. இதனை டி.டி.ரி. மருந்தின் சாதனையாக மட்டும் கொள்வோர் உளர். ஆனால் மலேரியா அருகிய பகுதிகளிலும் இறப்புக் குறைந்தமை மனங்கொளத்தக்கது.

மலேரியா தணிந்தமையே வரண்ட வலயக் காடுகளைத் திறந்துவிட்டது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இக்கரையோர வயல்களுக்கும் நீர் தந்தது. உடன்வந்த குடியேற்ற அரசியலோ 1956 இன் இனக்கலவரத்தில் குருதி சிந்திற்று. 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரிடம் மட்டுமே காணப்பட்ட மலேரியா, கண்காணிப்புத் தளர்ந்ததும் அத்தசாப்த இறுதியில் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. 2016 இலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஏறிய படியிலிருந்து சமுதாயம் இறங்கவும் கூடும் என்பதே இதன் பாடம்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் எண்மரில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். இன்று ஐந்து இறப்புகளில் நான்கு தொற்றா நோய்களால் நிகழ்கின்றன. முன்னர் ‘பணக்காரர் வருத்தம்’ எனப்பட்ட சீனி வருத்தம் இன்று நெசவாளியையும் வயற்கூலியையும் பற்றியுள்ளது. தீட்டிய அரிசி, கோதுமை மா, சீனித் தேநீர் என மலிவாகக் கிடைப்பனவே அவர்தம் உணவு. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டம் குன்றியோர் பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகக்கூடும் என மருத்துவ ஆய்வுகள் கூறுகின்றன. அவ்வாறாயின், நேற்றைய பசியே இன்றைய சீனியாக இரத்தத்தில் தங்கியுள்ளது எனலாம். தொற்றுநோயும் முற்றாக விலகவில்லை. டெங்கு நுளம்பு மழைதோறும் மீள்கின்றது.

இந்நோய்களுக்கு ஒரு தடவை மருந்து போதாது. வாழ்நாள் முழுவதும் வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தனியார் பாமசியில் வாங்க வலுவற்றோர் மாத்திரையைக் குறைத்தனர், அல்லது நிறுத்தினர். பராமரிப்போர் யார் என்பது அடுத்த வினா. தாய்வழிக் குடி முறை நிலவும் இவ்வூர்களில் வீடு மகளுக்குச் சீதனமாகின்றது. முதிய பெற்றோர் மகளின் நிழலிலேயே வாழ்கின்றனர். 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்கு உழைப்புச் சந்தை திறந்தது. வறிய குடும்பங்களின் பெண்களும் பணிப்பெண்களாகச் சென்றனர். அயல்நாட்டு முதியோரைத் தாங்கும் அக்கைகளுக்காகத் தாயும் தந்தையும் இங்கே காத்திருக்கின்றனர்.

நீண்ட ஆயுள் இம்மக்கள் வென்றெடுத்த பேறு. அதனைச் சுமையெனப் பேசுவோர், அது எவ்வாறு வெல்லப்பட்டது என்பதை மறந்தவராவர். காய்ச்சலை வென்றது மருந்து மட்டுமன்று. வாக்குரிமையும் அரிசியும் கல்வியும் கூடவே போரிட்டன. முதுமையின் நோய்களுக்கும் அவ்வாறே பொதுப்பொறுப்பு வேண்டும். அதனைத் தனிமனிதரின் நாவடக்கத்திடமும் மகளின் தோளிடமும் ஒப்படைத்துவிட்டு அரசு ஒதுங்குதல் தகாது.