உறுமலில் கரையும் மொழி: சிங்கப்பூரின் ருத்ராவும் 'பிரம்மவித்யா'வும்

சிங்கப்பூரின் ருத்ரா இசைக்குழு 2009இல் 'பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் ஐ' என்னும் ஆல்பத்தை வெளியிட்டது. 2005இல் வந்த 'பிரைமோர்டியல் ஐ', 2011இல் வந்த 'இம்மார்டல் ஐ' ஆகியவற்றோடு சேர்ந்து இது ஒரு முத்தொகுதியாகிறது. இறுதியில் நிற்கும் 'ஐ' உரோமன் எண் ஒன்றைப் போலத் தோன்றும். ஆனால் மூன்று தலைப்புகளிலும் அதுவே வருகிறது. அது 'நான்' என்னும் தன்மை ஒருமைப் பெயர். 'நான் யார்' என்னும் வேதாந்த விசாரத்தை டெத் மெட்டல் இசைக்குள் கொண்டுவரும் முயற்சி தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

கதிராசன், சிவா, பாலா ஆகிய தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் 1992இல் இக்குழுவைத் தொடங்கினர். 1996இல் கலைந்து, அதே ஆண்டில் மீண்டும் கூடி, 1998இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டனர். அமெரிக்காவில் பொஸஸ்ட் குழுவின் 'செவன் சர்ச்சஸ்' 1985இலும், டெத் குழுவின் 'ஸ்கிரீம் பிளடி கோர்' 1987இலும் வெளிவந்தபோதுதான் இந்த இசைவகை உருப்பெற்றது. எகிப்தியத் தொன்மங்களைப் பாடிப் புகழ்பெற்ற அமெரிக்கக் குழுவான நைல் தொடங்கப்பட்டது 1993இல். ஆகவே தொன்ம மொழியையும் டெத் மெட்டலையும் இணைத்தவர்களின் வரிசையில் ருத்ராவைப் பின்பற்றுவோராகக் கருத முடியாது. தம் இசைக்கு அவர்கள் 'வேதிக் மெட்டல்' என்று பெயரிட்டனர். 'ருத்' என்னும் வேருக்கு அழுதல், ஓலமிடுதல் எனப் பொருள் கூறி, அதிலிருந்து ருத்ரன் என்னும் பெயரை வருவிப்பது மரபு. உறுமிப் பாடும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

ஆனால் உறுமலுக்கும் வேத மொழிக்கும் இடையே ஒலியியல் முரண் ஒன்று உண்டு. டெத் மெட்டல் குரலில் குரல்நாண்களோடு அவற்றுக்கு மேலுள்ள பொய்க் குரல்நாண்களும் அதிர்கின்றன. அதிர்வு ஒழுங்கற்றுப் போவதால் சுருதியின் ஏற்ற இறக்கம் தெளிவாகக் கேட்பதில்லை. வேத ஓதலோ சுருதி வேறுபாட்டையே உயிராகக் கொண்டது. உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்னும் மூன்றும் பிறழ்ந்தால் பொருளே மாறிவிடும். 'இந்த்ரசத்ரு' என்னும் தொகைச்சொல்லை த்வஷ்டா ஸ்வரம் பிறழ ஓதியதால், 'இந்திரனைக் கொல்பவன்' என்று அமைய வேண்டியது 'இந்திரனால் கொல்லப்படுபவன்' என்றாகி, விருத்திரன் மாண்டான் என்பது இலக்கணிகள் தொடர்ந்து எடுத்தாண்ட கதை. அந்த மரபின் மொழியை, ஸ்வரம் துலங்க இடமளிக்காத குரலில் ருத்ரா பாடுகிறது.

அவ்வாறாயின் அந்த மொழி எங்கே வாழ்கிறது? ஆல்பத்தோடு வரும் சிறு கையேட்டில், அச்செழுத்தில். டெத் மெட்டலின் பாடல் வரிகள் செவியால் அறியப்படுவதைக் காட்டிலும் கண்ணால் வாசிக்கப்படுபவை. 2009 ஆல்பத்தின் பாடல் தலைப்புகளில் 'அமிர்தஸ்யபுத்ர', 'பகவத்பாத நமஸ்கார', 'அவித்யா நிவ்ருத்தி' ஆகியன சமஸ்கிருதம். 'வெனரபிள் ஆப்பசிட்ஸ்' ஆங்கிலம். 'மெஜஸ்டிக் அஷ்டாவக்ர' இரண்டின் கலப்பு. எந்த மொழியில் உறுமினாலும் கேட்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது என்னும்போது, மொழித் தேர்வு முழுக்க முழுக்க ஓர் அடையாளத் தேர்வாகிவிடுகிறது. தமிழ் ஏன் அந்த இடத்தைப் பெறவில்லை என்னும் வினா இங்கேதான் எழுகிறது.

விடையைச் சிங்கப்பூர்த் தமிழின் வரலாற்றில் தேட வேண்டும். 1929இல் பெரியாரின் மலாயா வருகை, அதையொட்டி எழுந்த சீர்திருத்தச் சங்கம், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு', 1950களின் தமிழர் திருநாள் ஆகியவற்றால் அங்குள்ள தமிழ்ப் பொதுவெளி வடிவம் பெற்றது. அந்தப் பொதுவெளியில் 'ஆரியம்' எதிர்த்தரப்பின் பெயர். ருத்ராவின் இரண்டாம் ஆல்பமோ 2001இல் 'தி ஆரியன் குருசேட்' என்னும் தலைப்போடு வந்தது. 'ஆர்ய' என்பதற்குச் சமஸ்கிருதத்தில் 'மேன்மையானவன்' என்று பொருள்; இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது இனவெறியின் முத்திரை; தமிழ் அரசியலில் திராவிடத்தின் எதிர்ச்சொல். மூன்று வரலாறுகளைச் சுமந்த சொல்லை ஒரு தென்னிந்திய வம்சாவளிக் குழு தலைப்பாக்க முடிந்தது என்பதே, சாரங்கபாணியின் தலைமுறை பேசிய மொழி அரசியல் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அதே வலிமையோடு சென்று சேரவில்லை என்பதற்குச் சான்று.

இடையில் பள்ளிகள் மாறிவிட்டன. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியானது. 'தாய்மொழி' என்பது பாடவேளைகளில் ஒன்றின் பெயராயிற்று. தேர்வுக்குப் படித்த மொழியில் கலகம் செய்ய இளைஞர் எவருக்கும் எளிதில் தோன்றாது. சமஸ்கிருதமோ பள்ளிக்கு வெளியே, கோயிலில் இருந்தது. கருவறையிலிருந்து வரும் மந்திரத்தைப் பொருள் அறியாமலேயே புனிதமெனக் கேட்டு நிற்பது தமிழ்ச் சைவ, வைணவக் குடும்பங்களுக்குப் பழக்கமான அனுபவம். பொருள் நூலில் இருக்கும். காதில் விழுவது முழக்கம் மட்டுமே. டெத் மெட்டலும் அவ்வாறே இயங்குகிறது. இந்த ஒப்புமையைக் கருதினால், ருத்ராவின் தேர்வைத் தமிழைத் துறந்த செயலாக மட்டும் பார்ப்பது குறைபாடுடைய பார்வை. மொழிகளுக்கு இடையே தமிழர் கோயில்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த பணிப்பிரிவினையை அது மின்கித்தாரோடு தொடர்கிறது.

இருந்தும் ஓர் இழப்பு எஞ்சுகிறது. சுடுகாட்டில் பேய்கள் சூழ இறைவன் ஆடுவதைத் திருவாலங்காட்டுப் பதிகங்களில் பாடியவர் காரைக்கால் அம்மையார். போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கும் காட்சியைக் கலிங்கத்துப்பரணியில் விரித்தவர் சயங்கொண்டார். டெத் மெட்டல் தேடிய மரணமும் அழிவும் அவற்றைக் கடந்த மெய்ப்பொருளும் தமிழில் பல நூற்றாண்டுகளாக இருந்தன. அவை இருந்த தமிழும் வகுப்பறைத் தமிழும் ஒரே மொழி என்று உணரும் வாய்ப்பு ஆங்கிலவழிப் பள்ளிகளில் வளர்ந்த தலைமுறைக்குக் குறைவு.

ருத்ரா தனித்து நிற்கவில்லை. மும்பையின் டெமானிக் ரெசரக்‌ஷன் 2017இல் 'தசாவதார்' ஆல்பத்தில் பத்து அவதாரங்களையும் பத்துப் பாடல்களாக்கியது. ஐதராபாத்தில் 2015இல் தொடங்கிய காட்லெஸ் குழுவோ எதிர்த்திசையில் சென்றது. கடவுளற்றது என்னும் பெயரோடும் ஆங்கில வரிகளோடும் 2021இல் 'ஸ்டேட்ஸ் ஆஃப் கேயாஸ்' என்னும் முதல் முழுநீள ஆல்பத்தை வெளியிட்டது. இருவழிகளிலும் வட்டார மொழிக்கு இடமில்லை.

யூஜின் டைரியநாதன் 2009இலேயே வேதிக் மெட்டலையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது இசையியலாளர் ஒருவரின் பணி. தமிழ்த் துறைகளின் புலம்பெயர் ஆய்வுகள் பெரும்பாலும் கவிதை, சிறுகதை, நாவலோடு நின்றுவிடுகின்றன. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. தமிழ் எங்கே எழுதப்பட்டது என்பதோடு, எழுதப்படக்கூடிய இடத்தில் அது ஏன் எழுதப்படவில்லை என்பதையும் பதிவுசெய்தால்தான் அந்த வீழ்ச்சியின் வரலாறு முழுமை பெறும். பிரம்மவித்யா முத்தொகுதியின் கையேடுகள் அவ்வகைச் சான்றுகள்.