பார்பெக்யூ

ஸ்பானிய ‘பார்பகோவா’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம், கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் பேச்சு. அங்கே அது உணவின் பெயரே அல்ல; கவைக்கால் நட்டு, மேலே குச்சிகளைப் பரப்பிக் கட்டிய பரண். அடியில் தணல் கனிய, மேலே மீனோ இறைச்சியோ புகையில் மெல்ல வேகும். அதில் படுத்தும் தூங்கலாம்: கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியான பயண நூலில் இச்சொல்லைப் படுக்கைப் பரணுக்கே வழங்குகிறார். பிறகு அது சமையலுக்கும், அதற்காகக் கூடும் கூட்டத்துக்கும் பெயரானது. முழுப் பன்றி வேக ராத்திரியெல்லாம் தணல் காக்க வேண்டும்; பேச்சுக்குக் கேட்பானேன்! 1769 மே மாதம் அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியாவில் ஒரு பார்பெக்யூவுக்குப் போய் இரவு தங்கியதாக ஜார்ஜ் வாஷிங்டனின் நாட்குறிப்பு சொல்கிறது. ‘தாடி முதல் வால் வரை’ என்ற பிரெஞ்சுத் தொடரே இச்சொல்லின் மூலம் என்பது வெறும் கட்டுக்கதை.