தொலமியின் தேசப்படமும் வன்னி நிலமும்

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்களின் நூலகங்களுக்கு அணி செய்த கையெழுத்துத் தேசப்படத் தொகுதிகளுள் தலையாயது தொலமியின் ‘புவியியல்’ ஆகும். அதில் ஆசியாவுக்குரிய 12 படங்களுள் இறுதியானது தப்ரபேன், அதாவது இலங்கை. நீலந்தீட்டிய கடல் நடுவே விளங்கும் அத்தீவின் வடபாகத்திற் கலிபா என்னும் மலைத்தொடர் வரையப்பட்டுள்ளது. ஸ்கந்தபுரத்து வயல்வரம்பில் நின்று நோக்குவார்க்கோ அக்கராயன் குளக்கட்டே மேட்டுநிலம். இம்மலை எவ்வாறு தோன்றியது என்பதை ஆராயின், வன்னியின் பண்டை வரலாற்றுக்குத் தொலமி எத்துணைச் சான்றாவார் என்பதும் தெளிவாகும்.

கி.பி. 150 அளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, ஏறத்தாழ 8000 இடங்களுக்கு அகலக்கோடும் நெடுங்கோடும் கணித்து எழுதினார். அவர் இலங்கையைக் கண்டவரல்லர்; மாலுமிகளும் வணிகரும் கூறியவற்றைக் கேட்டுத் தொகுத்தவர். தீவின் வடமுனையைப் பூமத்தியகோட்டுக்கு வடக்கே 12½ பாகையில் வைத்து, தென்கோடியை அக்கோட்டுக்குத் தெற்கே 2½ பாகைவரை நீட்டிவிட்டார். மெய்யான இலங்கையோ 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அடங்குவது. கரையோரத் துறைகளைப் பெயர் கூறி வரிசைப்படுத்திய அவர், உள்நாட்டை ஆறுகளின் ஊற்றுக்கண் எனக் கருதிய மலைகளால் நிரப்பினார். வடக்கே ஓடும் பாசிஸ் ஆற்றுக்கும், மகாவலி எனப் பெரும்பாலார் கொள்ளும் கங்கைக்கும் கலிபா மலையையே பிறப்பிடமாகக் காட்டினார்.

மேற்கு ஐரோப்பா நெடுங்காலம் மறந்திருந்த இந்நூலைப் பைசாந்தியத் துறவி மக்சிமுஸ் பிளனூதெஸ் 1295 அளவில் தேடிக்கண்டார். 1410 அளவில் யாக்கோப்போ அஞ்செலியின் இலத்தீன் மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. 1466இல் நிக்கொலாஸ் ஜெர்மானுஸ் தாம் புதிதாக வரைந்த படங்களை பெராராவின் ஆட்சியாளர் போர்சோ தெஸ்தேக்குக் காணிக்கையாக்கினார். 1477இல் பொலோஞ்ஞாவிற் செப்புத்தகட்டுப் படங்களுடன் நூல் அச்சேறியது. எண்களைப் பிழையின்றி இடம்பெறச் செய்வதே வரைவோர் பணியாயிற்று. எண்களே பிழையானவை என ஐயுறுதல் அவர்தம் பணியாகவில்லை. பொன்னும் நீலமும் பூசப்பெற்றதும் பழைய செவிவழிச் செய்தி அறிவியலின் தோற்றம் பெற்றது. அத்தோற்றத்தின் வலிமை பெரிது: போர்த்துக்கேயர் 1505இல் இலங்கையை அடைந்த பின்னரும், செபஸ்தியான் மூன்ஸ்டர் வெளியிட்ட தப்ரபேன் படம் சுமாத்திரா எனப் பெயர் தாங்கி நின்றது.

ஆயினும் தொலமியை முற்றாகத் தள்ளுதல் நேர்மையன்று. அனுரோகிராமம் அனுராதபுரமே. நாகதீபா என அவர் கூறும் பெயர், வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேட்டில் வரும் நாகதீவத்தோடு ஒத்துச் செல்கிறது. அவ்வேடும் அவர் காலத்தை அடுத்ததே. வடகிழக்குக் கரையில் அவர் குறிக்கும் மொதுத்து என்னும் வணிகத்துறையைக் கொக்கிளாய் என்பாரும் உளர். திசையை மாற்றி மாந்தை என்பாரும் உளர். ஓசை ஒப்புமையை மட்டும் பற்றிக்கொண்டு ஒரு துறையை ஓர் இனத்தார்க்குப் பட்டயமாக்க முயலும் இத்தகைய ஆராய்ச்சிகளில் நமக்கு உடன்பாடில்லை. கடலோடியின் காதில் விழுந்த ஒலி, கிரேக்க எழுத்தில் அமைந்து, பல நூற்றாண்டுப் படியெடுப்பிற் சிதைந்து நம்மிடம் வந்திருக்கிறது. அத்தகைய சொல்லின்மீது உரிமைவழக்கை எழுப்புவோர், கலிபா மலையைப் பொன்னால் விளிம்பிட்ட ஓவியனின் செயலையே செய்கின்றனர்.

வன்னியின் உள்நிலத்தை உழுதவர் யார், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்குத் தொலமியிடம் விடையில்லை. துறைமுகத்துக்கு வந்த பண்டத்தைக் கண்டவர், அதனை விளைவித்தவனைக் காணவில்லை. அவ்விடை மண்ணுள் உள்ளது. ஸ்கந்தபுரத்துக்கு அயலான பூநகரிப் பிரதேசத்திற் கறுப்புச்-சிவப்பு மட்கலங்கள் முதலிய தொல்பொருட்களைக் கண்டறிந்து, ப. புஷ்பரட்ணம் 1993இல் நூலாக்கினார். 2009இல் முடிவுற்ற போரும், மண் அகழ்வும், நிலச்சமப்படுத்தலும் அத்தகைய மேற்பரப்புச் சான்றுகளை வேகமாக அழிக்கவல்லவை. கலிபா மலையின் இருப்பிடத்தை விவாதிப்பதற்கு முன்னர், குளக்கரைகளிலும் புதுப்புனங்களிலும் உழவன் கொழுமுனையில் வெளிப்படும் ஓடுகளை இடங்குறித்துப் பதிவுசெய்யும் வேலை காத்திருக்கிறது.